தங்கபுஷ்பத்தின் கைப்பிடி

பிரசங்கத்தில் பாதிரி ஐயர் உக்கிராணக்காரனைப் பிடித்துக்கொண்டு வெகுநேரமாகிவிட்டது, விடுகிற வழியாக இல்லை. எஜமான் வெளியூர் போயிருக்கிறார், சாவி உக்கிராணக்காரன் இடுப்பில், களஞ்சியத்தில் இருக்கிறதெல்லாம் அவன் பொறுப்பு, ஆனால் அதில் ஒரு மணிகூட அவனுடையது இல்லை, அது தெரிந்தும் சந்தோஷமாகப் பரிமாறுகிறானே அவன்தான் கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொண்டே போனார். நான்காவது பெஞ்சின் ஓரத்தில், இரண்டு காலுக்கும் நடுவே அரிசி வாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எலியேசர், அந்த உக்கிராணக்காரனுக்குச் சர்க்கரை வியாதி இருந்திருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். இருந்திருந்தால் சாவிக்கொத்து எப்போதோ நழுவி விழுந்திருக்கும், அவனுக்குத் தெரிந்திருக்காது. அவருடைய இடதுகால் செருப்பு அப்படித்தான் இன்று காலை சீயோன்விளைச் செம்மணலில் எங்கேயோ கழன்று கிடக்கிறது. கோயில் வாசலில் கழற்றக் குனிந்தபோதுதான் ஒன்று மட்டும் இருப்பது தெரிந்தது. கால் மரத்துப்போய் இரண்டு வருஷமாகிறது. டாக்டரம்மா உள்ளங்காலில் ஊசியை வைத்துக்கொண்டு, “குத்துறது தெரியுதா தாத்தா?” என்று கேட்டாள். “குத்துங்கம்மா, சொல்லுதேன்” என்றார் இவர். அவள் அதற்குள் குத்தி முடித்துவிட்டாள். இதைச் சொல்லி ஊரையே சிரிக்க வைத்தவர்தான். தன் பாதத்தில் ஒரு நண்டு வாடகைக்குக் குடியிருக்கிறது, முன்பணம் வாங்காமல் விட்டது தப்பாகப் போயிற்று, இப்போது காலி பண்ணமாட்டேன் என்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். இப்போது அந்த நண்டு மெதுவாக மேலே ஏறிவிட்டது போல இருக்கிறது. முழங்கால், இடுப்பு, நெஞ்சு. கோடை மழை பெய்த வாரத்தில் பெண்டாட்டி தங்கபுஷ்பத்தைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்த அன்றைக்கு, வீட்டு வாசலில் கால் கழுவும்போது தண்ணீர் சூடா பச்சையா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு எதுவுமே சூடா பச்சையா என்று தெரியவில்லை.

பீடத்துக்கு முன்னால் வாழைத்தார்கள் சாய்த்து வைத்திருந்தார்கள். பூசணி, பனங்கிழங்குக் கட்டு, முருங்கைக்காய்க் கட்டு, காலைக் கட்டிப்போட்ட கோழிகள். ஐயர் மூச்சு வாங்குகிற இடைவெளியில் எல்லாம் ஒரு வெள்ளாட்டுக்குட்டி தவறாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அறுப்பின் பண்டிகை. பிரசங்கம் முடிந்தால் வீட்டுக்கு ஒருவராக முன்னே போய், கொண்டுவந்ததைப் படைத்துவிட்டு, இந்த வருஷத்தில் இன்னதுக்காக ஸ்தோத்திரம் என்று சபை கேட்க ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிறகு எல்லாரும் வேப்ப மரத்தடிக்கு வந்துவிடுவார்கள், அங்கே அத்தனையும் ஏலம். ஏலம் போடுகிறவர் எலியேசர். அவர் தலையில் முதல் நரை விழுவதற்கு முன்பிருந்தே அவர்தான். போன வருஷம் ஒரு சோப்ளாங்கிப் பூசணிக்காயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “இது யாரு தெரியுமா, இதுக்குப் பாட்டன் பூசணிக்குள்ளதான் நம்ம செல்லப்பா வீட்டு ஆட்டுக்குட்டி வழி தவறிப் போயி, தின்னு தின்னு கிடாயாயிட்டுத் திரும்பி வந்துது, வரும்போது தனியாவும் வரல, ரெண்டு குட்டியோட வந்துது” என்று ஒரு போடு போட்டார். கிடாய் எப்படிவே குட்டி போடும் என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். அதுதாம்ல பூசணியோட விசேஷம் என்றார். மரத்தடியே குலுங்கியது. பெண்கள் பக்கத்தில் தங்கபுஷ்பம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். வீட்டுக்கு வந்ததும் சிரிக்கவே இல்லை என்று சாதித்தாள். “தூசி விழுந்துட்டு, இருமினேன்” என்றாள். அவள் அவரிடம் கற்றுக்கொண்ட ஒரே பொய் அதுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஞானாபரணம் இப்போது முழங்கையால் இடித்தார். “வே எலியேசரு, இன்னைக்கு என்ன புளுகு வச்சிருக்கீரு?” ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். “சும்மா சொல்லும்வே, மரத்தடிக்கு வந்தா தன்னால ஊறும்.” ஞானாபரணத்தின் வாயில் வெற்றிலை வாசம். வாசம் என்று தெரிகிறது. அவ்வளவுதான். பிடிக்கவும் இல்லை, குமட்டவும் இல்லை.

ஏலம் கிடக்கட்டும், அதற்கு முன்னால் அந்த ஒரு வார்த்தை. என்ன சொல்ல? மூட்டு வலி குறைந்ததுக்காக, பேத்தி பரீட்சையில் தேறினதுக்காக, பம்புசெட்டுக்குக் கரண்டு வந்ததுக்காக என்று ஒவ்வொருத்தரும் சொல்லுவார்கள். அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இல்லாததைச் சொல்வதுதானே காலங்காலமாகப் பிழைப்பு, ஒன்றைக் கட்டி விட்டால் போகிறது. மணி அடிக்கிற கயிற்றில் தொங்கிக்கொண்டே மணப்பாடு வரை போய் மீன் வாங்கிவந்தேன் என்று சொன்ன வாய்தானே. ஆனால் அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. கல்யாணமான புதிதில், காய்ச்சலில் கிடந்து எழுந்தபோது, சபையில் நின்று ஒரு தூதன் வந்து தனக்கு ரசம் வைத்துக் கொடுத்தான் என்று ஸ்தோத்திரம் சொல்லிவிட்டார். ரசம் வைத்தது அவள். சபை கலைந்து வீட்டுக்கு வந்தார்கள். கதவைத் திறந்துகொண்டே, “எதுல வேணும்னாலும் புளுகுங்க. நான் குறுக்க வரல. ஸ்தோத்திரத்துல மட்டும் புளுகாதீங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, பாலைப் பூனை குடிச்சிரப்போவுது மூடி வையுங்க என்கிற மாதிரிச் சொன்னாள். அன்றிலிருந்து அதில் மட்டும் கை வைத்ததில்லை. இப்போது எழுந்து போய், உள்ளே ஒன்றுமே இல்லாமல், ஸ்தோத்திரம் என்று வெறும் வாயால் சொன்னால் அது பொய். சொல்லாமல் வாளியை மட்டும் வைத்துவிட்டுத் திரும்பினால் எலியேசர் ஊமையாகிப் போனார் என்று ஊரே பேசும். பேசினால் என்ன? பேசட்டும். ஆனால் அவள் பெயரில் வருகிற வாளி. அதை ஊமையாக வைக்கலாமா? பெஞ்சுக்கு இரண்டு மூன்று வீடுகள்தான். இன்னும் மூன்று பெஞ்சு போனால் அவர் முறை.

வாளியை எடுத்துவரச் சொன்னது பக்கத்து வீட்டுக் கிரேனாப். காலையில் கருப்பட்டிக் காப்பியைத் திட்டுச்சுவர் மேல் வைத்துவிட்டு, “மாமா, அத்தையோட கைப்பிடி அரிசி வாளி உள்ள இருக்கும்லா, மறந்துராதீங்க. வருஷம் தப்பாமக் கொண்டு போவாங்க” என்றாள். மறக்கவில்லை. அடுப்படியில் ஒரே மாதிரி இரண்டு அலுமினிய வாளி, மூடி போட்டது, ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியது. வலது பக்கம் இருப்பது வீட்டுக்கு, இடது பக்கம் இருப்பது கோயிலுக்கு. உலை வைக்கும்போதெல்லாம், அளந்து எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்து அந்த இன்னொரு வாளியில் போடுவாள். போடும்போது உதடு மட்டும் அசையும். ஊரில் எல்லா வீட்டுப் பெண்களும் செய்கிறதுதான், வருஷம் பூராவும் பிடி பிடியாகச் சேர்த்துப் பண்டிகைக்குக் கொண்டுவருவார்கள். ஆனாலும் வீட்டில் அரிசி மட்டாக இருக்கிற நாளில்கூட இவள் பிடி சிறுத்ததில்லை. அவள் கையே சின்னக் கை, இனி சிறுக்க இடமில்லை. அதை வைத்துக்கூட ஒரு கதை கட்டினார். “ராத்திரி கர்த்தரு வந்தாரு ஏட்டி. உன் பெண்டாட்டி கை ரொம்பச் சின்னதா இருக்கு, எனக்குப் பத்தல, இனிமே உன் கையால அள்ளிப் போடுன்னாரு.” அவள் அரிசியைக் களைந்துகொண்டே திரும்பாமல் சொன்னாள்: “உங்க கை பெருசுதான். ஆனா ஒழுகும்.” எலியேசர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். விரல்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. பீடத்தின் கண்ணாடி ஜன்னல் வெளிச்சம். ஐயர் இப்போது கடைசி வசனத்துக்கு வந்துவிட்டார், உன் கையில் இருப்பது உன்னுடையது என்று நினைத்தால் பாரம், கொடுக்கப்பட்டது என்று நினைத்தால் நன்றி என்று ஏதோ சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். மனுஷன் படித்தவர். ஆனால் அந்த வார்த்தைகள் எல்லாம் மரத்துப்போன காலில் ஊர்கிற எறும்பு மாதிரி, ஊர்வது கண்ணுக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை.

சோறு. சோறுதான் இத்தனை மாதமும் வேகவே இல்லை. ஒரு வேளைதான் பொங்குகிறார், அதுவும் சரியாக வருவதில்லை. பாதி குழைந்து கஞ்சியாகிறது, பாதி பல்லில் கடிபடுகிறது. தண்ணீரைக் கூட்டினால் குழைகிற பாதி இன்னும் குழைகிறது, குறைத்தால் கடிபடுகிற பாதி கல்லாகிறது. கிரேனாப் எட்டிப் பார்த்து, “ஊற வச்சுப் போடுங்க மாமா” என்றாள். ஊற வைத்தும் அதே கதைதான். நடுநடுவே சிவப்பாக ஒன்றிரண்டு. கண்ணில் புரை வேறு, தவிடா கல்லா என்று தெரியவில்லை, கடைக்காரன் கலந்து விற்கிறான் என்று கடை இருக்கிற திசையைப் பார்த்துத் திட்டினார். ஒரு நாள் சோற்றில் பிரியாணி வாசனை அடித்தது. காரம் இல்லை, கறி இல்லை, வாசனை மட்டும். சரி, மூக்கும் போயிற்று என்று நினைத்துக்கொண்டார். பெண்டாட்டி இல்லாத வீட்டில் அரிசிக்கும் வேக மனசு வராது போலிருக்கிறது என்றுகூட நினைத்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் புளுகு என்பார்கள். இன்னொன்றும் நினைத்தார், அரிசி தீரவே இல்லை. அவள் போன நாளிலிருந்து ஒரு தடவைகூட அரிசி வாங்கவில்லை. ஒற்றை ஆள் இவ்வளவு கொஞ்சமாகவா தின்னுவான்? இன்று காலையில்தான் கை வாளியின் அடித்தட்டில் உரசியது. கவிழ்த்துத் தட்டி, மிச்சம் இருந்ததை எல்லாம் களைந்து, தண்ணீர் ஊற்றி ஊற வைத்துவிட்டு வந்திருக்கிறார். திரும்பிப் போய்ப் பொங்க வேண்டும். பொங்கினால் அதுவும் வேகாது.

ஞானாபரணம் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். முதல் பெஞ்சு எழுந்து போய்க்கொண்டிருந்தது. எலியேசர் சும்மா இருக்கமாட்டாமல் வாளியின் மூடியைத் தளர்த்தி உள்ளே கையை விட்டார். கை மரக்கவில்லை, கால்தான், கைக்கு இன்னும் தெரியும். அரிசி குளிர்ச்சியாக இருந்தது. விரலுக்குள் சரசரவென்று ஓடியது, ஒரே நீளம், ஒரே வழுவழுப்பு. பொன்னி. நல்ல பொன்னி. விரல் அப்படியே நின்றது. கைப்பிடி அரிசி எப்படி ஒரே அரிசியாக இருக்கும்? எந்த வீட்டிலும் இருக்காதே. ஒரு நாள் ரேஷன் அரிசி பொங்கியிருப்பாள், அதில் ஒரு பிடி. ஒரு நாள் பொன்னி, அதில் ஒரு பிடி. மார்த்தாண்டத்திலிருந்து அவள் தம்பி சிவப்பரிசி கொண்டுவந்தானே, அதில் ஒரு பிடி. கிறிஸ்மஸுக்குப் பாயசம் வைத்த பச்சரிசியில் ஒரு பிடி. ஈஸ்டருக்குப் பேத்தி வந்தபோது பிரியாணி போட்ட சீரகச்சம்பாவில் ஒரு பிடி. ஆண்டுதோறும் ஏலத்தில் இந்த அரிசியை மட்டும் எவனும் சீந்தமாட்டான், ஒன்று வெந்தால் ஒன்று வேகாது, கோழிக்குத்தான் ஆகும் என்பான், இவரே எத்தனை கதை சொல்லித் தள்ளிவிட்டிருக்கிறார். எலியேசர் வாளிக்குள் கையை வைத்தபடியே இருந்தார். அவளை அடக்கம் பண்ணின அன்றைக்குத் துஷ்டி வீட்டுக்கு வந்த பெண்கள் அடுப்படியை ஒதுக்கினார்கள். பெரிய பாத்திரம் ஏற்ற வேண்டும் என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கழுவி, திரும்ப வைத்தார்கள். இடது பக்கத்து வாளியை வலது பக்கம் வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்திருக்கிறது. அவர் இத்தனை மாதமும் வலது பக்கத்து வாளியிலிருந்து அள்ளி அள்ளிப் பொங்கியிருக்கிறார். மேலாக இருந்தது அவள் கடைசியாகப் போட்ட பிடி. அதைத்தான் முதலில் தின்றிருக்கிறார், வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, தனியாக உட்கார்ந்து, வேகவில்லை என்று திட்டிக்கொண்டே. அதற்கடியில் அதற்கு முந்தின நாள். பிறகு ஈஸ்டர், பிரியாணி வாசனை. பிறகு தம்பி வந்த வாரம். பிறகு கிறிஸ்மஸ். அவள் நாள் நாளாகப் போட்டதை அவர் பின்னாலிருந்து நாள் நாளாகத் தின்றிருக்கிறார். அழுகை வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. ஊசி குத்தியிருக்கிறது, குத்தியது தெரிகிறது, வலிதான் வரவில்லை. அப்படியானால் இன்று காலை தட்டி எடுத்து ஊற வைத்தது? அடியில் இருந்தது. போன வருஷம் பண்டிகை முடிந்து, காலி வாளியோடு வந்து, கழுவி வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, அன்று சாயங்காலம் உலை வைத்தபோது போட்டாளே, சிரிக்கவே இல்லை என்று சாதித்துக்கொண்டு, அந்தப் பிடி.

“வே, எந்திரியும், உம்ம முறை.” எழுந்தார். கால் தரையில் பட்டதா என்று கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் வைக்க வேண்டியிருக்கிறது. வாளி கனத்தது. கர்த்தருக்குரியதைத் தின்றுவிட்டு வீட்டு அரிசியைக் கொண்டுபோகிற உக்கிராணக்காரனை என்ன செய்வார்கள்? ஐயர் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்துவிடலாம், ஒருத்தருக்கும் தெரியாது, பொன்னிதானே, கோயிலுக்கு லாபந்தான். ஆட்டுக்குட்டி அவரைப் பார்த்து ஒரு தடவை கத்தியது. வாளியைப் பூசணிக்குப் பக்கத்தில் வைத்தார். ஐயர் குனிந்து, “சொல்லுங்க பெரியவரே, என்ன ஸ்தோத்திரம்?” என்று மெதுவாகக் கேட்டார். பின்னால் சபை பெஞ்சில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்கிற சத்தம் கேட்டது. எலியேசர் வாயைத் திறந்தால் சிரிக்க வேண்டும், அது அவர்களுக்குப் பழக்கம். அவர் ஏலம் கூப்பிடுகிற குரலில் சொன்னார், வேறு குரல் அவரிடம் இல்லை: “ஐயா, இது எங்க வீட்டு அரிசி. தங்கபுஷ்பம் கர்த்தருக்குன்னு எடுத்து வச்ச அரிசிய இத்தனை மாசமும் நாந்தான் தின்னிருக்கேன். வாளி மாறிப் போச்சு. வேகல வேகலன்னு ஏசிக்கிட்டே தின்னேன். ஆனா ஒரு நாளும் இல்லன்னு வரல. பட்டினி கிடக்கல. அதுக்கு ஸ்தோத்திரம்.” யாரோ ஒருத்தன் களுக்கென்றான், உடனே கோயிலே சிரித்தது. கர்த்தர் பங்கையே தின்னுட்டாராம், கேட்டியாலே, வருஷா வருஷம் பெருசாயிட்டே போவுது புளுகு என்றான் ஒருத்தன். ஐயரே புன்னகையை அங்கியில் மறைத்தார். ஞானாபரணம் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். பெண்கள் பக்கத்தில் கிரேனாப் மட்டும் சிரிக்கவில்லை. அவள் அந்தச் சோற்றைப் பார்த்தவள். வாயில் கை வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆசீர்வாதம் முடிந்து வெளியே வந்ததும் ஞானாபரணம் வழிமறித்தார். “எங்கவே போறீரு, ஏலம்?” “நீரு போடும்.” “எனக்கு என்னவே தெரியும்?” “பூசணிக்குள்ள ஆடு இருக்குன்னு சொல்லும். மிச்சத்த அவனுவளே சொல்லிக்குவானுவ.” மணல் கொதித்திருக்க வேண்டும், எல்லாரும் ஓரமாகப் புல்லைப் பார்த்து நடந்தார்கள், அவர் நடுவிலேயே போனார். வழியில் ஒற்றைச் செருப்பு ஒன்று கிடந்தது. யாரோ பாவம் தொலைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே தாண்டிவிட்டார். வீட்டு வாசல் வந்த பிறகுதான் அது தன்னுடையது என்று ஞாபகம் வந்தது. திரும்பிப் போகவில்லை.

அடுப்படியில் சட்டி அப்படியே இருந்தது. அரிசி ஊறி வெளுத்திருந்தது, அடியில் ஒன்றிரண்டு சிவப்பு. இதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். ஊறின அரிசியை யார் வாங்குவார்? தின்ன வேண்டியதுதான். தின்றுவிட்டால் அவ்வளவுதான், அதற்கடியில் வேறு நாள் இல்லை. அடுப்பைப் பற்ற வைத்து உலையை ஏற்றினார். தண்ணீர் கொதிக்கும்வரை சட்டிக்கு முன்னால் நின்றார். வேப்ப மரத்துப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது, ஞானாபரணம் ஆட்டைப் பூசணிக்குள் ஏற்றிவிட்டார் போலிருக்கிறது. உலை கொதித்தது. அவர் அரிசியை வடித்து, உலையில் போடப் போனவர், போடாமல், உள்ளே கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். பெரிய கை. சட்டியில் பாதி வந்துவிட்டது. இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க விரலிடுக்கு வழியாகத் தண்ணீர் முழங்கைக்கு வழிந்தது, அதோடு நாலைந்து மணியும் கீழே விழுந்தது. ஒழுகத்தான் செய்கிறது. தண்ணீர் பச்சையாக இருந்தது. பச்சைத் தண்ணீர் என்று தெரிந்தது. காலி வாளி வலது பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்து இடது பக்கத்தில் வைத்தார். நனைந்த அரிசி நாளைக்குள் புளித்துவிடும், புழுத்துவிடும், எந்தப் பண்டிகைக்கும் ஆகாது, அதெல்லாம் அவருக்குத் தெரியும். வாளிக்கு மேலே கையைக் கொண்டுபோய் விரல்களைத் திறந்தார். அவள் போடும்போது தினமும் கேட்ட சத்தம் ஒன்று உண்டு, வாசலில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு, கேட்காமலே கேட்ட சத்தம், சரசரவென்று. இது அப்படி விழவில்லை. ஈரம். பொத்தென்று விழுந்தது. அவர் உதடு அசைந்தது.